மிளகாய்த்தூள் இல்லாத ஆட்டுக்கறி: ஸ்பாகெட்டிக்கு ஓர் இத்தாலியக் குழம்பு

ஸ்பாகெட்டி நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பிள்ளைகளின் பிறந்தநாள், பள்ளி விடுமுறை, ஞாயிறு மதியம் என்று அவ்வப்போது சமைத்துவிடுகிறோம். பேரங்காடியில் ஒரு பாட்டில் சாஸ், கொஞ்சம் கொத்திய கோழி இறைச்சி, இருபது நிமிட வேலை. பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். பெரியவர்களோ, "இனிக்குது" என்று ஒரு வாயோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களுக்குத் தனியாகச் சோறும் ரசமும். ஒரே மேசையில் இரண்டு சமையல்.

அந்த இரண்டையும் ஒன்றாக்கும் குழம்பு ஒன்று இருக்கிறது. அதற்கு அபூர்வமான பொருள் எதுவும் வேண்டாம். இரண்டரை மணி நேரமும், எண்ணெய் எப்போது பிரிகிறது என்று பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். அப்படிப்பட்ட ஒருவர் நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கிறார்.

பதிவு செய்யப்பட்ட குழம்பு

பாஸ்தாவுக்குச் செய்யும் இறைச்சிக் குழம்பை இத்தாலியர்கள் 'ரகூ' என்கிறார்கள். (ராகு காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி அதுதான்!) வட இத்தாலியில் உள்ள போலோனா நகரம் இதற்குப் பேர் போனது. இத்தாலிய சமையற்கலைக் கழகம் 1982 அக்டோபர் 17ஆம் தேதி இதன் செய்முறையை அந்நகரின் வர்த்தகச் சங்கத்தில் முறைப்படி பதிவு செய்தது. 2023இல் அதைப் புதுப்பிக்கவும் செய்தது.

மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றி இறைச்சி, வெங்காயம், கேரட், செலரி, தக்காளி, ஒயின், பால், உப்பு, மிளகு. ஏறக்குறைய இவ்வளவுதான் அந்தப் பட்டியல். பூண்டு இல்லை, மிளகாய் இல்லை.

போலோனாக்காரர்கள் இதை ஸ்பாகெட்டியோடு சாப்பிடுவதில்லை. முட்டை சேர்த்துப் பிசைந்த, பட்டையான 'தல்யத்தெல்லே'யோடுதான் சாப்பிடுவார்கள். 'ஸ்பாகெட்டி போலோனீஸ்' என்று உலகம் சொல்வதே பொய்ச் செய்தி என்று 2019இல் அந்நகர மேயர் விர்ஜினியோ மெரோலா ஒரு பிரசாரமே நடத்தினார். ஈப்போவில் ஹோர் ஃபன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பட்டையான மீயில் ஒட்டுவதுபோல் உருண்டையான மீயில் குழம்பு ஒட்டாது. கடையில் பட்டைப் பாஸ்தா கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்பாகெட்டியே போதும். மேயர் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை.

அந்தச் சட்டியில் மாடு ஏறாது

பட்டியலைப் பார்த்ததும் பல வீடுகளில் கதவு மூடிவிடும். மாட்டிறைச்சி சமைத்த சட்டியைத் தொடாத அம்மாக்கள் நம்மிடையே நிறைய பேர். அவர்கள் தொடாத சட்டியில் செய்த உணவை எப்படிக் குடும்பச் சாப்பாடு என்பது?

இதற்கும் இத்தாலியிலேயே வழி இருக்கிறது. மலைகளும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த அப்ருட்ஸோ வட்டாரத்தில் ஆட்டுக்குட்டி இறைச்சியில்தான் ரகூ செய்வது வழக்கம். ஆகவே ஆட்டிறைச்சியில் செய்வதை மாற்றுவழி என்று நினைக்க வேண்டாம். அதுவும் அசல்தான்.

இன்னொரு யோசனை பெல்லெக்ரீனோ அர்தூசியிடமிருந்து வருகிறது. 1891இல் வெளிவந்த அவருடைய சமையல் நூல் இத்தாலியக் குடும்பங்களில் இன்றும் புழங்குகிறது. அவருடைய போலோனா குழம்பில் தக்காளியே கிடையாது. ருசி கூட, விரும்பினால் கோழி ஈரல் சேர்க்கலாம் என்கிறார். கோழி ஈரல் நம் பசாரில் மலிவு. இரண்டு ஈரலைப் பொடியாக நறுக்கிப் போட்டால் கால் கிலோ இறைச்சி கூடுதலாகப் போட்டதுபோல் குழம்பு கனக்கும். பன்றி இறைச்சியையும் ஒயினையும் விட்டுவிடலாம். கொழுப்புக்கு வெண்ணெயும் புளிப்புக்குத் தக்காளியும் இருக்கின்றன.

தோட்டத்துக் கைப்பக்குவம்

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். ஆட்டுக்கறி அங்கே தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவது. பங்கு போட்டு வாங்கிய கறி கொஞ்சம், வீட்டில் வாய்கள் அதிகம். கித்தா மர விறகை இழுத்துவிட்டு, தீயைக் குறைத்து, கறி மெத்தென்று ஆகும்வரை பாட்டி அடுப்பை விட்டு நகரமாட்டாராம். அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. பேராக்கின் பல தோட்டங்களுக்கு இதே கதைதான். லயத்துக் குடும்பங்கள் புந்தோங்குக்கும் புதுப்புது தாமான்களுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிவிட்டன. விறகு அடுப்பு போய்விட்டது. பக்குவம் மட்டும் அம்மாக்களின் கையில் இருக்கிறது.

முதல் தடவை இந்தக் குழம்பைச் செய்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "என்னா புள்ள இது, மொளகாத்தூள் போடாம கறியா?" என்றார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வந்தார். கரண்டியை வாங்கிக் கிளறினார். "இன்னும் தண்ணி நிக்குது. எண்ணெ பிரியட்டும். அப்புறம் எறக்கு" என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. இத்தாலியச் சமையலை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவரான மார்செல்லா ஹசான் தம் நூலில் சொல்லும் அடையாளமும் அதுவேதான்: தண்ணீர் முழுக்க வற்றி, கொழுப்பு குழம்பிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். ஹசான் போலோனாவை உள்ளடக்கிய எமிலியா-ரொமாஞா வட்டாரத்தில் பிறந்தவர். அம்மா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை. ஆட்டிறைச்சி பிரட்டல் செய்யத் தெரிந்தவருக்கு ரகூ செய்ய பாதி தெரியும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

தேவையானவை (5 பேருக்கு)

கொழுப்போடு கொத்திய ஆட்டிறைச்சி – 400 கிராம்
கோழி ஈரல் – 2
பெரிய வெங்காயம் – 1
கேரட் – சிறியது 1
செலரி – 1 தண்டு (இல்லையென்றால் டாவுன் சூப் தண்டு ஒரு பிடி)
நன்கு பழுத்த தக்காளி – 400 கிராம்
தக்காளி பேஸ்ட் – 1 மேசைக்கரண்டி
பால் – அரை கப்
ஆட்டெலும்பு வேகவைத்த நீர் அல்லது வெந்நீர் – 2 கப்
எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
வெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
உப்பு, மிளகுத்தூள் – தேவைக்கு
பாஸ்தா – 400 கிராம்

இறைச்சியைத் தோள் பகுதியிலிருந்து கேளுங்கள். அங்கே இருக்கும் சவ்வுதான் மெதுவாக வெந்து கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். வெறும் சதை என்றால் உதிரி உதிரியாக, வறண்டு போகும்.

செய்முறை

1. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக நறுக்குங்கள். அடி கனமான சட்டியில் எண்ணெயும் வெண்ணெயும் ஊற்றி, சிறு தீயில் 15 நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது. கரைந்து, இனிப்பு வாசம் வர வேண்டும்.

2. தீயைக் கூட்டி இறைச்சியைப் போடுங்கள். முதலில் தண்ணீர் விடும். அது வற்றிய பிறகுதான் இறைச்சி சிவக்கத் தொடங்கும். 'சர்' என்ற சத்தம் மாறி 'படபட'வென்று பொரியும் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருங்கள். மசாலா இல்லாத குழம்புக்கு இந்தச் சிவப்புதான் ருசி. இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதைப் போட்டாலும் ஈடாகாது.

3. ஈரலைச் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறுங்கள். தக்காளி பேஸ்ட் போட்டு, அதன் நிறம் கருஞ்சிவப்பாகும்வரை வதக்குங்கள்.

4. தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, மசித்து ஊற்றுங்கள். ஒரு கப் எலும்பு நீர், உப்பு, மிளகு சேருங்கள். கொதி வந்ததும் தீயை மிகக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

5. இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் சரி. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கிளறி, வற்றினால் மீதி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

6. கடைசி அரை மணி நேரத்தில் பாலை ஊற்றுங்கள். தக்காளியின் புளிப்பு தணியும். தண்ணீர் வற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்ததும் இறக்குங்கள்.

பிரஷர் குக்கரில் அரை மணி நேரத்தில் முடிக்கலாமே என்று கேட்பீர்கள். இறைச்சி வெந்துவிடும். ஆனால் குக்கருக்குள் நீர் வற்றாது. பிறகு திறந்து வைத்து வற்றவிட்டுத்தான் ஆக வேண்டும்.

பாஸ்தாவுக்கு ஒரு வார்த்தை

400 கிராம் பாஸ்தாவுக்கு 4 லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலச வேண்டாம். மாவுச்சத்து போய்விட்டால் குழம்பு ஒட்டாது. வடித்த நீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து, பாஸ்தாவையும் குழம்பையும் சட்டியிலேயே ஒரு நிமிடம் பிரட்டுங்கள். நம் சோற்றுக்கு ஊற்றுவதுபோல் தாராளமாகக் குழம்பு வேண்டாம். பாஸ்தாவின் மேல் பூசினாற்போல் இருந்தால் போதும். அதனால்தான் 400 கிராம் இறைச்சி 5 பேருக்குப் போதுமானதாகிறது.

மிளகாய் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குத் தனிக் கிண்ணத்தில் மிளகாய்த் துகள் வையுங்கள். ஆனால் முதல் தடவை குழம்பில் போடாதீர்கள். மிளகாய்த்தூள் போட்டால் அது பிரட்டலாகிவிடும். பிரட்டல் நல்ல சாப்பாடுதான், ஆனால் அது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இரட்டிப்பாகச் செய்யுங்கள்

இந்தக் குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். உறைபெட்டியில் இரண்டு மாதம் இருக்கும். தலைநகரில் அறை எடுத்துத் தங்கி, இரவு எட்டு மணிக்கு வேலை விட்டு வந்து, கைப்பேசியில் சாப்பாடு வரவழைக்கும் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. ஊருக்கு வரும் வார இறுதியில் இரண்டு மடங்காகச் செய்து, ஒருவருக்கான அளவாகப் பிரித்து உறையவைத்துக்கொள்ளலாம். பழைய நாளிதழில் நன்றாகச் சுற்றி எடுத்துப் போனால், ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் இ.டி.எஸ். ரயிலில் உருகாமல் போய்ச் சேரும்.

செய்யும்போது அம்மாவை அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். காய் நறுக்குவது, கிளறுவது, பாத்திரம் கழுவுவது உங்கள் வேலை. இறக்கலாமா வேண்டாமா என்று சொல்வது மட்டும் அவர் வேலையாக இருக்கட்டும்.