மத்து இருக்க மிக்ஸி எதற்கு?

டிசம்பர் மாதம் ஏலமலையில் யாருக்கும் ஓய்வு கிடையாது. ஆடி, ஆவணியில் தொடங்கும் ஏலக்காய் எடுப்பு தை, மாசி வரை இழுக்கும். போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை என அடிவாரத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு என்ற மலைக்கணவாய் ஏறிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்கையில் அதே ஜீப்பில் இறங்குவார்கள். எடுத்த காய் அன்றைக்கே ஸ்டோருக்குப் போய் உலர ஆரம்பிக்கும்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. அன்றைய சாப்பாடு போடிப் பக்கம் பிரியாணி அல்லது கறிக்குழம்பு. மெட்டைத் தாண்டினால் கப்பை என்கிற மரவள்ளியும் இறைச்சியும். இந்த ஆண்டு அதற்குத் தொட்டுக்கொள்ள, பூண்டு போட்ட மாஷ்டு பொட்டேட்டோ, அதாவது உருளைக்கிழங்கு மசியல், செய்து பார்க்கலாம். பெயர்தான் வெளியூர்க்காரர் பெயர். செய்முறையைப் பிரித்துப் பார்த்தால் நம் அடுப்படிக்குப் பழகாத வேலை ஒன்றுகூட அதில் இல்லை.

எல்லாம் பக்கத்து மலைச் சரக்கு

கிழங்கும் பூண்டும் சேர்ந்து விளையும் மலைகள் போடியைச் சுற்றியே இருக்கின்றன. ஒரு பக்கம் வட்டவடை, காந்தளூர். இன்னொரு பக்கம் கொடைக்கானலின் மன்னவனூர், பூம்பாறை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2023இல். பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டிக்குப் பூண்டுச் சந்தை என்றே பெயர். மிளகுக்கும் கவலை இல்லை. ஏலச்செடிக்கு நிழல் கொடுக்கும் மரங்களிலேயே கொடி படர்ந்து கிடக்கிறது.

கிழங்கு வாங்குவதில்தான் கண் வேண்டும். குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த வடக்கத்திக் கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாகிவிடும். மசித்தால் ஓர் அசட்டுத் தித்திப்பு தட்டும். பத்துப் பதினைந்து நாள் வெளியே போட்டு வைத்தால் அது குறையும். விரலால் தேய்த்தாலே தோல் உரியும் புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவு குறைவு. பொரியலுக்கு நல்லது, மசியலுக்கு ஆகாது. தோல் முற்றி, வெந்ததும் வெடித்து மாவு தெரிகிற கிழங்குதான் நமக்கு வேண்டியது.

பூண்டுப் பால் தெரியும்தானே?

பூண்டின் காரம் நசுக்கும்போதுதான் பிறக்கிறது. பல்லுக்குள் அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனியே இருக்கின்றன. பல் உடைந்ததும் இரண்டும் கலந்து, மூக்கைத் துளைக்கும் அல்லிசின் உண்டாகிறது. முழுப் பல்லாகவே வேகவிட்டால் சூட்டில் நொதி செத்துவிடும். காரம் அடங்கி இனிப்பு மேலே வரும்.

இந்த வித்தையை நம் வீட்டுப் பெரியவர்கள் பூண்டுப் பாலில் எப்போதோ கையாண்டுவிட்டார்கள். சளிக்கும் வாய்வுக்கும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவும் உரித்த பூண்டைப் பாலில் குழைய வேகவைத்துக் கொடுப்பது வழக்கம். மஞ்சளையும் பனங்கற்கண்டையும் விட்டுவிட்டால் மசியலுக்கான பூண்டும் அதேதான். ஒரு கிலோ கிழங்குக்கு ஒரு முழுப் பூண்டு, கால் லிட்டர் பால். சிறுதீயில் வைத்து, பல் கரண்டியில் நசுங்கும் பதம் வந்ததும் இறக்க வேண்டும். பாலையும் கொட்டக் கூடாது. அது பிறகு மசியலுக்கே போகும்.

மலையில் அவசரம் கூடாது

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் சுமார் ஒரு டிகிரி குறையும். போடியில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிற தண்ணீர், 1,400 மீட்டரை ஒட்டிய போடிமெட்டில் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று கீழ்நாட்டுக் கணக்கில் இறக்கினால் கிழங்கின் நடு கட்டியாக நிற்கும். மேலே இருப்பவர்கள் குக்கரை நம்பலாம். இல்லாவிட்டால் கத்தி தடையில்லாமல் இறங்கும் வரை பொறுக்க வேண்டும்.

பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு, தோலோடு பெரிய துண்டுகளாக வேகவிடுங்கள். வடித்துத் தோல் உரித்ததும் அதே பாத்திரத்தில் போட்டு இரண்டு நிமிடம் வெறும் சூட்டில் ஈரத்தை வற்றவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் மசியல் நீர்த்துப் போகும்.

இனி மத்து. கீரையும் பருப்பும் கடையும் அதே மரமத்து போதும். மிக்ஸி மட்டும் கூடவே கூடாது. வெந்த கிழங்கின் செல்லுக்குள் மாவு ஊதி நிற்கிறது. பிளேடு அதைக் கிழித்தால் மாவெல்லாம் வெளியே வந்து, சுவரொட்டி ஒட்டும் பசைபோல் இழுபடும். பிறகு எதைச் சேர்த்தாலும் மீட்க முடியாது. எனவே சூட்டோடு மத்தால் அழுத்தி மசித்து, முதலில் நூறு கிராம் வெண்ணெய். அது கலந்ததும் நசுக்கிய பூண்டு, பிறகு சூடான பால் கொஞ்சம் கொஞ்சமாக. வெண்ணெய் முந்திக்கொண்டால் மாவைச் சுற்றிப் படிந்து பசையாவதைத் தடுக்கும். கடைசியில் உப்பும், இடித்த மிளகும்.

பண்டிகைக் கிழங்கு

லண்டனில் 1747இல் வெளியான ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்திலேயே பாலும் வெண்ணெயும் சேர்த்து மசித்த கிழங்கு உண்டு. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் விருந்து இது இல்லாமல் நடக்காது. கிரேக்கர்கள் மார்ச் 25ஆம் தேதித் திருநாளில் பொரித்த உப்புமீனுக்குத் தொட்டுக்கொள்ளும் ஸ்கோர்தாலியாவில் பூண்டும் மசித்த கிழங்கும்தான் பிரதானம். வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய். நம் மலைக்கு அந்தப் பக்கத்துக் கப்பைப் புழுக்கும் இதே குடும்பம்தான். 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் பரப்பிய மரவள்ளி, பூண்டும் பச்சைமிளகாயும் தேங்காயும் அரைத்துச் சேர்த்த மசியலாக இன்றைக்கும் இறைச்சிக்குத் துணை நிற்கிறது. குழம்பு ஊறிக் குடிக்க மாவுள்ள ஒரு மசியல் வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் கருத்து வேறுபாடு இல்லை.

ஏல ஊர் என்பதற்காக இதில் ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிடாதீர்கள். பூண்டும் ஏலமும் பிரியாணியில் சமாதானமாகப் போகும். வெறும் பாலிலும் வெண்ணெயிலும் ஒன்றை ஒன்று கெடுக்கும். ஏலக்காய் பாயசத்துக்கு இருக்கட்டும்.

மிஞ்சினால் மறுநாள் போண்டா. வெண்ணெயும் பாலும் சேர்ந்திருப்பதால் நேராக உருட்டினால் எண்ணெயில் பிரிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் இறுகவைத்து, தாளித்த கடுகு, வெங்காயம், பச்சைமிளகாயோடு ஒரு கை வறுத்த கடலைமாவும் பிசைந்து உருட்டி, கடலைமாவுக் கரைசலில் முக்கிப் போடுங்கள். முதல்நாள் மசியலைத் தொட மறுத்த பெரியவர்கள்கூட இதற்குத் தட்டை நீட்டுவார்கள்.