பூவைச் சுமக்கும் ஊக்கு

மலேசியப் பள்ளிகளில் மே 16ஆம் நாள் ஆசிரியர் தினம். பினாங்கு மாநிலத்தின் வட செபராங் பிறையில், நெல்வயல்கள் சூழ்ந்த கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்திலும் அன்றைய காலைப்பொழுதுக்குத் தனிக் களை உண்டு. ஆசிரியர்களின் சேலையிலும் பாஜூ குரோங்கிலும் சட்டையிலும் மாணவர்கள் ஒற்றை ரோஜாவையோ ஆர்க்கிட் மலரையோ குத்திவிடுவார்கள். திருமண வரவேற்பு, பரிசளிப்பு விழா, ஆலயக் கூட்டம் என எங்கு முக்கிய விருந்தினர் வந்தாலும் இதே வழக்கம்தான். விழா பாதி நடப்பதற்குள் அந்த மலர்களில் சில தலைகீழாகத் தொங்கும். சில தரையில் கிடக்கும். மரியாதைக்காக அணிவித்த பூ மேடையில் ஒருவரின் காலடியில் விழுந்து மிதிபட்டால் கொடுத்தவருக்கும் சங்கடம், பெற்றவருக்கும் சங்கடம். “வாடிய பூவைக் கொடுத்துவிட்டார்கள்” என்று பழி பூக்கடைக்காரர் மேல் விழும். பெரும்பாலும் தவறு பூவில் இருப்பதில்லை. பூவை ஆடையோடு இணைத்த முறையில்தான் இருக்கிறது.

பூவை ஆடையில் பொருத்துவது எளிய வேலையாகத் தோன்றுகிறது. ஆனால், அதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. ஒன்று எடை, மற்றொன்று தாகம்.

எடையை முதலில் பார்ப்போம். ஒரு ரோஜாவின் எடையில் பெரும்பகுதி அதன் தலையில் இருக்கிறது. காம்பின் அடியில் ஓர் ஊசியைக் குத்தினால், தாங்கும் புள்ளி கீழேயும் எடை மேலேயும் அமைகின்றன. அணிந்தவர் சற்றுக் குனிந்தாலோ கைகுலுக்கினாலோ பூ அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பிக் கவிழ்ந்துவிடும். கனமான தலை கீழே வந்த பிறகுதான் அது அசையாமல் நிற்கும். ஆகவே, ஊசி பூவின் ஈர்ப்பு மையத்திற்கு அருகில், அதாவது இதழ்களுக்குச் சற்றுக் கீழே காம்பைப் பிடிக்க வேண்டும். அதோடு ஊசி துணிக்குள் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒரு விரற்கடை இடைவெளியாவது இருந்தால் பூ திரும்புவதற்கு வழியில்லை. ஒரே ஆணியில் மாட்டிய படம் சாய்ந்துபோவதையும் இரண்டு ஆணிகளில் மாட்டிய படம் நேராக நிற்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

ஆடையில் எதையேனும் குத்தி நிறுத்தும் கருவி மிகப் பழையது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நிலப்பகுதியில் வெண்கலக் கம்பியை வளைத்து ஆடை ஊசி செய்தார்கள். ஒரு முனையில் கம்பியைச் சுருட்டி விசை ஏற்படுத்தினார்கள். மறுமுனையில் ஊசி நுனி தங்குவதற்கு ஒரு கொக்கி வைத்தார்கள். பிற்காலத்தில் ரோமானியர்களும் இத்தகைய ஊசிகளைப் பயன்படுத்தினர். அவர்கள் மொழியில் இதன் பெயர் பிபுலா. பொத்தான் பரவலாகாத காலத்தில் தோளில் போர்த்திய மேலாடை நழுவாமல் இருந்தது இதனால்தான்.

பினாங்கு மக்கள் இந்தக் கருவியின் உறவினர் ஒன்றை நன்கு அறிவார்கள். அதுதான் கெரோங்சாங். பாரம்பரியக் கெபாயா உடையின் முன்பக்கத்தில் பொத்தான்கள் இல்லை. மூன்று அணி ஊசிகளைச் சங்கிலியால் இணைத்து, அவற்றால்தான் உடையின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடிப்பார்கள். பினாங்கின் பாபா ஞோஞ்ஞா குடும்பங்களில் இவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த நகைகள். துக்க காலத்தில் தங்கத்தையும் வைரத்தையும் ஒதுக்கி, வெள்ளியும் முத்தும் கொண்ட கெரோங்சாங்கை அணியும் வழக்கமும் இருந்தது. ஜார்ஜ்டவுனில், கிறிஸ்துவ தேவாலயத்தின் பெயரால் அமைந்த கெரேஜா சாலையில் உள்ள பினாங்கு பெரானாக்கான் அரும்பொருளகத்தில் இச்சமூகத்தின் நகைகளைக் காணலாம். ஞோஞ்ஞா பெண்கள் புதுமலரை ஆடையில் குத்தாமல், கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரமாக அணிந்தார்கள். அதைத் தாங்கியவை சூச்சோக் சங்கோல் எனப்படும் நீண்ட கொண்டை ஊசிகள். கெபாயா உடையை யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் இணைந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன.

ஐரோப்பிய ஆண்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். கோட்டுக் கழுத்துப்பட்டையில் உள்ள பொத்தான் துளைக்குள் காம்பைச் செருகி, பட்டையின் பின்புறம் தைத்த சிறு நூல் வளையத்தில் அதை மாட்டிவிட்டார்கள். ஊசியே தேவைப்படவில்லை. இந்தியாவின் முதல் பிரதமர் ஜவகர்லால் நேருவும் தம் நீண்ட மேலங்கியின் பொத்தான் துளையில் ரோஜாவைச் செருகிக்கொள்ளும் வழக்கமுடையவர். துளை உள்ள ஆடைக்கு இது மிக நேர்த்தியான வழி. ஆனால், சேலைக்கும் பாஜூ குரோங்கிற்கும் அத்தகைய துளை ஏது? அங்கே ஊக்கு ஒன்றே துணை.

இன்று நாம் பயன்படுத்தும் ஊக்கை வடிவமைத்தவர் நியூயார்க் நகரில் வாழ்ந்த வால்டர் ஹண்ட். 1796இல் பிறந்த இவர் ஓயாமல் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தவர். 1830களிலேயே தையல் இயந்திரம் ஒன்றை உருவாக்கியும் அதற்கு அப்போது காப்புரிமை பெறாமல் விட்டுவிட்டார். ஊக்குக்கு மட்டும் 1849ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், 6,281 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்த ஆவணத்தில் அவர் தம் கண்டுபிடிப்புக்கு இட்ட பெயர் ‘ஆடை ஊசி’ என்பதே. 15 டாலர் கடனை அடைப்பதற்காகக் கம்பியை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த எண்ணம் தோன்றியது என்றும், உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பின்னர் உலகெங்கும் விற்ற ஊக்குகளால் பிறர் பணம் சேர்த்தார்கள். ஹண்ட் 1859இல் காலமானார்.

ஹண்டின் ஊக்கு பழைய வெண்கல ஊசியின் அதே கருத்துதான் என்று சொல்லிவிடலாம். சுருள் அங்கேயும் உண்டு, கொக்கி அங்கேயும் உண்டு. என்றாலும் அவர் செய்ததைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. சுருள், ஊசி, கொக்கி மூன்றும் ஒரே கம்பியில் அமைய முடியும் என்று அவர் காட்டினார். மூட்டோ கீலோ இல்லாததால் தேய்ந்து கழன்றுபோக எதுவுமில்லை. விரலைக் குத்தும் ஆபத்தும் குறைவு என்பதையும் அவர் தம் விண்ணப்பத்தில் சிறப்பாகக் குறிப்பிட்டார். மலிவாகவும் விரைவாகவும் செய்யக்கூடிய வடிவம் அது. அரசர் தோளில் இருந்த பொருள் தையற்காரர் மேசைக்கும் குழந்தையின் துணிக்கும் வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

ஊக்கின் உயிர் அதன் சுருளில் இருக்கிறது. ஒரு கம்பியைச் சும்மா மடித்துவிட்டுத் திறந்து மூடினால், வளையும் முழுச் சுமையும் ஒரே இடத்தில் விழும். சில தடவைகளில் கம்பி தளர்ந்துவிடும் அல்லது ஒடிந்துவிடும். கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி அமைத்தால் அதே வளைவு நீண்ட கம்பியின்மேல் பரவுகிறது. எந்த இடமும் தன் மீள்தன்மையின் எல்லையைத் தாண்டுவதில்லை. மூடிய ஊக்கு ஓய்வாக இருப்பதுபோல் தெரிந்தாலும், அதன் ஊசி எப்போதும் வெளியே விரியவே முயன்றுகொண்டிருக்கிறது. அந்த முயற்சிதான் நுனியைக் கொக்கிக்குள் அழுத்தி வைக்கிறது. இப்போது கிடைக்கும் ஊக்குகளில் கொக்கியைத் தகட்டுத் தொப்பி மூடியிருப்பதால் கூர்முனை உடலைத் தொடுவதில்லை. தமிழ்ப் பெண்கள் பலர் ஒன்றிரண்டு ஊக்குகளை வளையலிலோ தாலிச் சரட்டிலோ எப்போதும் கோத்து வைத்திருப்பார்கள். சேலை மடிப்பு அவிழ்ந்தாலும், பையின் பிடி அறுந்தாலும், யாருக்காவது பூக் குத்த வேண்டியிருந்தாலும் அது உடனே கைக்கு வரும்.

இனி, தாகத்திற்கு வருவோம். செடியில் இருக்கும் பூ, வேரிலிருந்து வரும் நீரைச் சைலம் எனப்படும் நுண்குழாய்களின் வழியே பெறுகிறது. காம்பை வெட்டியதும் வரத்து நின்றுவிடும். ஆனால், இதழ்களும் இலைகளும் நீரை ஆவியாக வெளியிடுவதை நிறுத்துவதில்லை. போதாக்குறைக்கு வெட்டிய முனை வழியாகக் காற்று புகுந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். பினாங்கின் பிற்பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது, மெல்லிய இதழுடைய ரோஜா சில மணி நேரத்தில் தலைகவிழ்வதில் வியப்பில்லை. ஆர்க்கிட்டின் இதழ்கள் தடிப்பானவை, மேற்பரப்பில் மெழுகுத்தன்மை உடையவை. அதனால் நீரை எளிதில் இழப்பதில்லை. விழாக்களில் ஆர்க்கிட் விரும்பப்படுவதற்கு அழகு மட்டும் காரணமன்று. 1960ஆம் ஆண்டு தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செம்பருத்தியை யாரும் ஆடையில் குத்திப் பார்ப்பதில்லை. அகன்ற மெல்லிதழ்களைக் கொண்ட அந்தப் பூ பொதுவாக ஒரே நாளில் வாடிவிடும்.

பூத்தொடுப்பவர்கள் இத்தாகத்திற்கு எப்போதோ மருந்து கண்டுவிட்டார்கள். அவர்கள் மல்லிகையைக் கட்டும் வாழைநாரை முதலில் நீரில் நனைத்துக்கொள்வார்கள். நனைந்த நார் வளைந்துகொடுக்கும், காம்பை அறுக்காது. அதோடு ஈரத்தையும் தன்னில் வைத்துக்கொள்ளும். கயிறும் நீர்க்குடமும் ஒன்றாகிவிட்டன என்றே சொல்லலாம். ஆடையில் குத்தும் பூவுக்கும் இதே கருத்து உதவும். பூவைக் குறைந்தது சில மணி நேரம் நீரில் நிறுத்தி வைத்து, பிறகு காம்பை விரலளவுக்கு வெட்ட வேண்டும். வெட்டிய முனையில் நனைத்துப் பிழிந்த பஞ்சைச் சிறிதளவு வைத்து, மெழுகு பூசிய பச்சை நாடாவால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும், துணியும் நனையாது. காம்பைக் குட்டையாக வெட்டுவதால் எடையும் குறைகிறது. பூவுக்குப் பின்னால் ஓர் இலையை வைத்துச் சேர்த்துக் கட்டுவது அலங்காரத்திற்காக மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இதழின் சாயமும் மகரந்தமும் ஆடையில் படாமல் அந்த இலை தடுக்கிறது.

இவ்வாறு கட்டிய பூவைக் குத்தும்போது ஊக்கைக் காம்பின் ஊடே செலுத்தினால் காம்பு பிளந்துவிடும். நாடா சுற்றிய பகுதியின் பின்புறத்தில் ஊக்கின் ஊசியில்லாத பக்கத்தை வைத்து, மற்றொரு சுற்று நாடாவால் கட்டிவிடுவதே நல்லது. பின்னர் ஊக்கின் ஊசியை மட்டும் துணிக்குள் செலுத்தி வெளியே எடுத்து மூட வேண்டும். சேலையாக இருந்தால் முந்தானை மடிப்புகளைச் சேர்த்துத் தோளருகே குத்தலாம். பல மடிப்புகள் எடையைப் பகிர்ந்துகொள்ளும். மெல்லிய பட்டில் குத்தியே ஆக வேண்டுமென்றால் உட்புறம் ஒரு சிறு துணித்துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்தினால் இழை கிழியாது. பிறருக்குக் குத்திவிடுபவர் தம் இடக்கை விரல்களைத் துணிக்கும் உடலுக்கும் நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி நழுவினால் அது விருந்தினரைத் தொடாது. குத்துபவரின் விரலில் பட வாய்ப்புண்டு. பதற்றமான மாணவரைவிடப் பழகிய கையே இதற்கு ஏற்றது.

துணியில் துளையே விழக்கூடாது என்று விரும்புவோருக்காகக் காந்தப் பிடிகள் வந்துள்ளன. ஒரு காந்தம் பூவின் பின்னால் ஒட்டியிருக்கும். மற்றொன்றை ஆடையின் உட்புறம் வைத்தால் இரண்டும் துணியை நடுவில் வைத்துப் பற்றிக்கொள்ளும். பட்டுக்கு இது நல்ல வழிதான். ஆனால், இடைவெளி கூடக் கூடக் காந்த விசை மிக விரைவாகக் குறையும். தடித்த கோட்டின்மேல் பூ மெல்ல வழுக்கி இறங்கக்கூடும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. இதய முடுக்கி பொருத்தப்பட்டவரின் மார்பில் காந்தப் பிடியை ஒருபோதும் வைக்கக்கூடாது. வலிமையான காந்தம் அருகில் வந்தால் அந்தக் கருவி இயல்பாக இயங்குவதில் தடை ஏற்படலாம். காந்தத்தை அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்குமாறு மருத்துவத்துறையினர் அறிவுறுத்துகின்றனர். முதிய விருந்தினருக்குப் பூ அணிவிக்கும்போது பழைய ஊக்கையே எடுப்பது பாதுகாப்பு. சிறு குழந்தைகள் இக்காந்தங்களில் ஒன்றுக்கு மேற்பட்டதை விழுங்கிவிட்டால் அவை குடலின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துத் திசுவைத் துளைத்துவிடும். விழா முடிந்ததும் அவற்றை எண்ணித் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஊக்கிலும் ஒரு குறை உண்டு. விலை மலிந்த ஊக்குகள் இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய உலோகப் பூச்சு பூசப்பட்டவை. பூச்சு உரிந்த இடத்தில் பூவின் ஈரம் பட்டால் துரு ஏறும். அந்தத் துரு ஆடையில் பழுப்புப் புள்ளியாகப் படியும். நம் நாட்டின் ஈரக் காற்றில் இது விரைவாகவே நடக்கும். பித்தளை ஊக்கோ துருப்பிடிக்காத எஃகு ஊக்கோ வாங்கினால் இந்தக் கவலை இல்லை. எதுவாயினும், வீடு திரும்பியதும் பூவையும் ஊக்கையும் கழற்றிவிட்டுத்தான் ஆடையை மடிக்க வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் துருக்கறை பட்டுவிட்டால், எலுமிச்சைச் சாற்றையும் சிறிது உப்பையும் தடவி வெயிலில் வைத்துப் பிறகு அலசினால் கறை மங்கும். பட்டுச் சேலையில் இதைச் செய்து பார்க்கக்கூடாது. அதைச் சலவைக் கடையில் கொடுப்பதே நல்லது.