தண்ணீர் இருந்தும் வாடும் பயிர்

பெயரிலே குறிஞ்சி இருந்தாலும் எங்கள் குறிஞ்சிப்பிட்டி நெய்தல் நிலம். கல்பிட்டித் தீபகற்பத்தின் மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் மணல். இந்த மணலில்தான் மிளகாயும் வெங்காயமும் தென்னையும் விளைகின்றன. "தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனாலும் கன்று வாடுதே சேர்" என்று என் மாணவர்களின் வாப்பாமார் கேட்பதுண்டு. நான் தமிழ் படிப்பிக்கிறவன்; என்றாலும் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 90 பங்குக்கும் மேல் இலைவழியே ஆவியாகப் போய்விடுகிறது. இதுவே ஆவியுயிர்ப்பு. இலைவாய் திறந்தால்தான் காபனீரொட்சைட்டு உள்ளே வரும். திறந்தால் நீரும் வெளியேறும். நீர் குறையும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடுகிறது. காவற்கலங்கள் தளர்ந்து இலைவாய் மூடுகிறது. நீர் மிஞ்சும், ஆனால் செடி உணவு தயாரிப்பது குறையும். விளைச்சல் சுருங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

உப்பு வந்தால் கதை வேறு. பிரசாரணத்தில் நீர் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குப் போகும். ஆகவே மண்ணீரில் உப்புக் கூடினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. அளவுக்கு மிஞ்சி உரம் போட்டாலும் இதே கதிதான்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதிலும் கண்டல் பிழைக்கிறது. றைசோபோரா இனம் உப்பில் பெரும்பங்கை வேரிலேயே தடுத்துவிடும். அவிசீனியா இனம் இலைச் சுரப்பிகளால் உப்பை வெளியே தள்ளும். இலையைத் தடவினால் உப்பு விரலில் ஒட்டும். மிளகாய்க்கு இந்த வித்தை தெரியாது.

எங்கள் கிணற்றுநீர் எங்கிருந்து வருகிறது? மணலில் இறங்கிய மழைநீர், பாரம் குறைவென்பதால், உப்புநீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலேயுள்ள அந்த ஓரடியை பம்பு போட்டு இறைத்தால், கீழேயிருந்து உப்புநீர் ஏறிவரும்.

அதனால், வாடியதும் பம்பைப் போடாதீர்கள். மத்தியான வெயிலில் ஆவியுயிர்ப்பு வேரை முந்திவிடும். அந்த வாட்டம் பொழுது சாயத் தானாகத் தெளியும். சுபஹுக்குப் பிறகு போய்ப் பாருங்கள். அப்போதும் இலை தொங்கினால் மண்ணைக் கிளறுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் வேண்டும். ஈரமிருந்தும் வாடினால் உப்பு அல்லது வேர் நோய். சவர்நீரை மேலும் ஊற்றினால் உப்புத்தான் கூடும். தென்னையடியில் பொச்சு புதைப்பதும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

கிணறு அவரவர் காணியில் இருக்கலாம். கீழே உள்ள நன்னீர் எல்லாருக்கும் பொது. ஒருவர் மிஞ்சி இறைத்தால் பக்கத்துக் காணிக் கிணறும் சவராகும்.