சரிவு மனையில் வீடு கட்டலாமா?

திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர்கள் நாலு காசு சேர்ந்ததும் தேடுவது சொந்த மனை. குன்றுகள் நிறைந்த ஊர் இது. கிடைப்பது பெரும்பாலும் சரிவு மனைதான். "மண்ணை வெட்டிச் சமமாக்கிவிடுங்கள்" என்று பலரும் யோசனை சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன்.

தம்பானூர் பஸ் நிலையத்தருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸை அன்பர்கள் அறிவீர்கள். அங்கே தரையே சுற்றிச் சுற்றி மேலேறும் சரிவுப் பாதை; மேசைகள் மட்டும் சமமாக நிற்கின்றன. அதை வடிவமைத்த லாரி பேக்கர் (1917–2007) இமயமலையில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, மலைமக்களிடம் கட்டடக்கலை கற்றவர். நாலாஞ்சிறையில் தம் வீட்டையும் பாறைச் சரிவில், நிலத்தின் போக்கிலேயே கட்டினார். புழங்கும் இடம் சமமாயிருந்தால் போதும். மனை முழுவதும் சமமாக வேண்டியதில்லை.

முதலாவது, வீட்டின் நீளம் சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் அமைய வேண்டும். மேலிருந்து கீழாக நீட்டினால் ஒரு முனையில் மண் வெட்டி, மறுமுனையில் நிரப்ப நேரும். நிரப்பிய மண் நாளடைவில் அமுங்கும். அதன்மேல் நிற்கும் சுவர் விரிசல் விடும்.

இரண்டாவது, அறைகளை இரண்டு மூன்று படி வித்தியாசத்தில் இறக்கிக் கட்டலாம். ஆனால் பெரியவர்களின் படுக்கையறை, குளியலறை, சமையலறை மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, தண்ணீர். இங்கே ஆண்டுக்கு இரண்டு பருவமழை. நனைந்த மண்ணின் பாரமும் தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து தாங்குசுவரைத் தள்ளும். சுவரில் நீர் கசியத் துவாரங்களும், வீட்டின் மேல்புறம் வடிகாலும் அவசியம். இதில் சிக்கனம் பிடித்தால் நம் சேமிப்போடு கீழ்வீட்டுக்காரரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும்.

நான்காவது, காட்சி. மேற்கே கடல் தெரிகிறதென்று பெரிய ஜன்னல் வைப்போம். மாலை வெயிலும் சாரலும் அதே வழியாகத்தான் வரும். இறவாரத்தை நன்றாக நீட்டுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் ஒருமுறை கனமழையில் குடையோடு மனைக்குப் போய் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு வரைபடம் போடச் சொல்லுங்கள்.