மழை, ஏரி, பூநாரை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைக் கண்டு பழகிய கண்களுக்கு, அவற்றிற்கு அணித்தே ஆயிரக்கணக்கான பூநாரைகள் இரைதேடும் நீர்ப்பரப்பு ஒன்று இருப்பது வியப்பளிக்கலாம். அதுவே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சார்ந்தது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. தமிழ்நாட்டுப் பகுதி 1980ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது.

ஏரி கடலோரத்தது எனினும், அதன் நன்மை தீமைகள் மலையிலேயே தொடங்குகின்றன. மாநில எல்லைக்கு அப்பாலுள்ள குன்றுகளில் பெய்யும் மழை ஆரணி ஆறாகத் திரண்டு, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியே ஏரியை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் இவ்வாறு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றை நம்பியே உயிர் பெறுகிறது.

கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கலப்பதால் ஏரிநீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையிலோ வெயிலில் நீர் வற்ற, உப்பின் அளவு கடலையும் விஞ்சும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே ஆதலின் இம்மாற்றம் விரைந்து நிகழ்கிறது. ஒரே ஏரி ஓராண்டிற்குள் ஆறாகவும், கடலாகவும், உப்பளமாகவும் வேடம் மாற்றிக்கொள்கிறது எனலாம்.

இந்நிலையில்தான் பூநாரை வந்து சேர்கிறது. கட்சுப் பகுதியின் பெரும் உப்புச் சதுப்பில் சேற்றுமேடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, மழை ஓய்ந்து நீர்மட்டம் தாழும் பருவத்தில் இங்குக் கூட்டங்கூட்டமாய் நிற்கும். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அரித்து, சிறு கூனிகளையும் பாசிகளையும் உண்ணும். அதன் செந்நிறமும் அவ்வுணவிலுள்ள நிறமிகளாலேயே அமைகிறது. சத்திமுத்தப் புலவர் தூது விடுத்த நாரை இதுவன்று. அது கூரிய நேர் அலகுடையது. ஆயினும், பருவந்தோறும் தென்திசை வந்து வடதிசை மீளும் பறவைகளை நம் முன்னோர் நன்கு கவனித்திருந்தனர் என்பதற்கு அப்பாடல் சான்று.

மழை மிகுந்தாலும் பூநாரைக்கு இடரே. 2015ஆம் ஆண்டைப் போன்ற பெருவெள்ளக் காலங்களில் நீர் ஆழமாகிவிட, அதன் கால்கள் எட்டா. அது வேறு சதுப்பு நாடிச் செல்லும். மழை பொய்த்தால் ஆழமற்ற பகுதிகள் முன்னரே காய்ந்து வெடிக்கும். 2018இல் சென்னைச் சுற்றுப்புறத்தில் பருவமழை பெரிதும் குறைந்ததையும், 2019 கோடையில் புழல் ஏரி வறண்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாநகரத்தின் குடிநீர்த் தட்டுப்பாடு நாளிதழ்களை நிறைத்தது. பழவேற்காட்டு மீனவர் படும் துயரோ அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது.

அத்துயரின் காரணம் முகத்துவாரம். கடலலைகள் கொணரும் மணல் ஏரியின் வாயை இடைவிடாது அடைக்க முயல்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அவ்வேகம் மணலை அறுத்து வழி திறக்கும். வெள்ளம் வாராத ஆண்டில் வாய் தூர்ந்துவிடும். இறால் கடலில் முட்டையிடும். அதன் இளங்குஞ்சுகள் ஏரிக்குள் புகுந்து வளர்ந்து மீண்டும் கடல் செல்லும். மடவை முதலிய மீன்களின் வாழ்வும் அத்தகையதே. வாய் அடைபட்டால் குஞ்சுகள் வாரா. வலை வீசும் இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் பழைய வழக்கம் அங்கு இன்றும் உண்டு. பிடிக்க மீன் இல்லாதபோது முறை வந்து என்ன பயன்? அத்தகைய ஆண்டுகளில் மீனவர்களே மண்வெட்டி ஏந்தி மணலை வெட்டி வழி செய்ய முனைந்ததுண்டு. சில வாரங்களில் அலை அதனை மீண்டும் மூடிவிடும். பின்னர் அக்டோபர் மேகத்தை நோக்கியே அவர்கள் காத்திருக்க வேண்டும்.