வீட்டுக்கு மருமகள், நாட்டுக்கு விருந்தாளி

கெப்பாலா பத்தாஸ் – தமிழ்நாட்டில் பெண் பார்த்து, அங்கேயே தாலி கட்டி, மருமகளை விமானத்தில் பினாங்குக்கு அழைத்து வரும் குடும்பங்கள் செபராங் பிறையில் புதிதல்ல. ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்த அன்றே அவர் அந்த வீட்டுப் பெண்ணாகி விடுகிறார். ஆனால் அவருடைய கடப்பிதழில் விழுந்திருக்கும் சாப் வேறொன்றைச் சொல்கிறது. நாட்டின் கணக்கில் அவர் 30 நாள் விருந்தாளி.

கணவர் மலேசியர் என்றால் மனைவி இங்கே தங்குவதற்குத் தடையில்லை என்று பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையில்தான் சிக்கல் தொடங்குகிறது. திருமண உறவு தானாக எந்த அனுமதியையும் தருவதில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின்படி, செல்லுபடியாகும் பாஸ் கையில் இருக்கும் வரைதான் வெளிநாட்டவர் இங்கே இருக்கலாம். அவர் யாருக்கு மனைவி, யாருக்குத் தாய் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

ராஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்திறங்கிய பாட்டிமார்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்துக்குப் பிறகே கதவு இறுகத் தொடங்கியது. "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று பெரியவர்கள் கேட்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் காலத்து நடைமுறையை நம்பி இன்று மருமகளை அழைத்து வர முடியாது.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு வழங்கப்படுகிறது. இது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அவ்வளவுதான், சுலபமாக வந்துவிடலாம். வந்த பிறகு அந்த 30 நாளுக்குள் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி.

திருமணத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை பெர்த்தாமில் வேலை செய்கிறார். பெண் தஞ்சாவூர்ப் பக்கம். முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கான 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, பதிவாளரிடம் திருமண அறிவிப்பு கொடுப்பதற்கு முன் அந்த வட்டாரத்தில் ஏழு நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டப்பட்டு 21 நாள் கழிந்த பின்பே திருமணம் செய்யலாம். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. கையில் இருந்த முப்பதில் மிச்சம் இரண்டு நாள். பெண் மணமாகாதவர் என்பதற்கு அவர் நாட்டுத் தூதரகம் தரும் சான்று, மொழிபெயர்ப்பு, இடையில் வரும் பொது விடுமுறை எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆவணங்களை ஊரிலேயே தயார் செய்துகொண்டு ஏறாதவருக்கு இந்த 30 நாள் போதாது.

தமிழ்நாட்டிலேயே திருமணம் நடந்துவிட்டால் வேலை குறைவு என்று தோன்றும். ஆனால் அங்கே கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டியதோடு முடிவதில்லை. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழை இந்திய அரசிடமும், சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலும் உறுதிப்படுத்தி எடுத்து வருவது நல்லது. அடுத்து, மலேசியர் ஒருவர் வெளிநாட்டில் செய்துகொண்ட திருமணத்தை ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலோ, நாடு திரும்பியிருந்தால் வந்த ஆறு மாதத்துக்குள் இங்குள்ள தேசியப் பதிவுத் துறையிலோ பதிய வேண்டும் என்கிறது மேற்சொன்ன 1976-ஆம் ஆண்டுச் சட்டம். ஊரில் ஒரு பதிவு, இங்கே ஒரு பதிவு. இரண்டாவதைத்தான் நம்மவர்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

உள்ளூர்க் கோயில் திருமணங்களிலும் இதே கோளாறு உண்டு. ஐயர் மந்திரம் ஓதி, ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போன கல்யாணமாக இருக்கலாம். நடத்தி வைத்தவர் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர் இல்லையென்றால், பதிவுத் துறைக்கு அங்கே நடந்தது ஒரு விருந்து மட்டுமே.

இதன் சுமை கடைசியில் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது. மலேசியாவில் பிறக்கும் குழந்தை, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் பிறப்பிலேயே குடியுரிமை பெறும். ஆனால் சட்டப்படியான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் விஷயத்தில், தந்தை என்று எழுதியிருக்கும் இடத்தில் தாய் என்றே பொருள் கொள்ள வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை கூறுகிறது. தாய் வெளிநாட்டவர் என்றால், மலேசியத் தந்தையின் மடியில் வளரும் பிள்ளையும் குடியுரிமை இல்லாமல் நிற்கும். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் இது தொடர்பான ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் அந்நாட்டில் பிறந்த பிள்ளை அது; பெற்றோரின் திருமணம் பதிவானது பிள்ளை பிறந்து ஐந்து மாதம் கழித்து. ஏழு நீதிபதிகளில் நால்வர், பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றனர். வித்தியாசம் ஐந்தே மாதம்.

திருமணப் பதிவு கைக்கு வந்த பிறகே அடுத்த படி. கணவர் 'பென்ஜாமின்' ஆக, அதாவது உத்தரவாதம் அளிப்பவராக நின்று, மனைவிக்கு நீண்டகாலச் சமூக வருகை பாஸ் கேட்டுக் குடிநுழைவுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் நேரில் போக வேண்டும். திருமணச் சான்றிதழ், கணவரின் அடையாள அட்டை, மனைவியின் கடப்பிதழ், முத்திரை இடப்பட்ட உத்தரவாதப் பத்திரம் ஆகியவை அடிப்படை. தம்பதியைத் தனித்தனியே உட்கார வைத்து, எப்படிச் சந்தித்தீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதும் உண்டு. போலித் திருமணங்களைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்விகள். புதுப்பெண் அஞ்ச வேண்டியதில்லை. முதலில் ஆறு மாதமோ ஓராண்டோ கிடைக்கும். பிறகு படிப்படியாக ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம்.

விண்ணப்பம் கொடுத்தாலே அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. பரிசீலனை முடியும் முன் பாஸ் காலாவதியாகும் நிலை வந்தால், முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிச் சிறப்பு பாஸ் கேட்க வேண்டும். தேதி தாண்டிய பிறகு போய் நின்றால் முகப்பில் பேசும் தொனியே மாறிவிடும்.

சிங்கப்பூரில் 2015 முதல் ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டவரை மணக்க விரும்பும் குடிமக்கள், நீண்டகாலத் தங்கல் அனுமதி கிடைக்க வாய்ப்புண்டா என்பதைத் திருமணத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்படியொரு ஏற்பாடு இங்கேயும் வந்தால் பல குடும்பங்களுக்குத் தூக்கம் வரும்.

இனி, வட மாநிலங்களில் எல்லாரும் அறிந்த 'குறுக்கு வழி'. கெப்பாலா பத்தாசிலிருந்து வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் புக்கிட் காயு ஹீத்தாம் தொலைவில்லை. எல்லையைத் தாண்டி டன்னோக்கிலோ ஹாட்யாயிலோ ஓரிரவு தங்கித் திரும்பினால் புது 30 நாள் கிடைத்துவிடும் என்பது காப்பிக் கடை ஆலோசனை. முதல் முறை கிடைக்கலாம். இரண்டாம் முறையும் கிடைக்கலாம். ஆனால் நுழைவு அனுமதி என்பது உரிமையல்ல; முகப்பில் இருக்கும் அதிகாரியின் முடிவு. சுற்றுலாப் பயணி மாதந்தோறும் அதே வீட்டு முகவரிக்கு வந்தால் அவர் கேள்வி கேட்பார். அங்கே திருப்பி அனுப்பப்பட்டால், கணவர் இந்தப் பக்கமும் மனைவி அந்தப் பக்கமும் நிற்க வேண்டியதுதான். 2020-இல் கோவிட் காரணமாக எல்லைகள் மூடப்பட்டபோது இப்படிப் பிரிந்து மாதக்கணக்கில் காத்திருந்த தம்பதிகள் பலர்.

குறுக்கு வழியையும் நாடாமல், "வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்று விட்டுவிடுவது எல்லாவற்றிலும் மோசம். காலாவதியான பிறகு தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாமியார் மாமனாருக்கும் இதில் பங்குண்டு. அனுமதியற்றவரைத் தம் இடத்தில் தங்கவிடும் குடியிருப்பாளருக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 55இ பிரிவு. மருமகளுக்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை.

வேலையும் அப்படியே. வருகை பாஸில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. தெரிந்தவர் மளிகைக் கடையின் கல்லாவில் உட்காருவதும், துணிக்கடையில் 'கொஞ்சம் உதவி' செய்வதும் சோதனை நடக்கும் நாளில் வேலையாகத்தான் கணக்கிடப்படும். நீண்டகாலப் பாஸ் பெற்ற மனைவியோ கணவனோ வேலைக்குத் தனி அனுமதி கேட்கலாம். கிடைத்த பின்பே சேர வேண்டும்.

பென்ஜாமின் முறையின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். மனைவி தங்குவது கணவரின் கையெழுத்தில் தொங்குகிறது. நல்ல வீட்டில் இது வெறும் பாரம். மற்ற வீட்டில் இது மிரட்டல்: "நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குத்தான் போகணும்." பத்திரமாக இருக்கட்டும் என்று கடப்பிதழை மாமியார் அலமாரியில் பூட்டி வைப்பதும் நடக்கிறது. பிறர் கடப்பிதழைச் சட்டப்பூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமானதல்ல. அடி வாங்கும் மனைவி பாஸ் எதுவாக இருந்தாலும் போலீசில் புகார் செய்யலாம். தாலியான் காசே 15999 என்ற எண்ணிலும், பினாங்கில் இயங்கும் பெண்கள் மாற்ற மையத்திலும் உதவி கேட்கலாம்.

நீண்டகாலப் பாஸில் ஐந்தாண்டு தொடர்ந்து இருந்த பிறகு சிவப்பு அடையாள அட்டைக்கு, அதாவது நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு, விண்ணப்பிக்கலாம். அதற்குப் பின் குடியுரிமை. இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டம் ஒன்றல்ல. மலேசிய ஆணின் மனைவி, இரண்டாண்டு இங்கே வசித்திருந்தால் அரசியலமைப்பின் 15-ஆவது விதியின் கீழ்க் குடியுரிமைப் பதிவு கேட்கலாம்; நடைமுறையில் முதலில் சிவப்பு அட்டை வேண்டும். மலேசியப் பெண்ணின் கணவருக்கு அந்த விதியே இல்லை. அவர் எந்த வெளிநாட்டவரையும் போல, 12 ஆண்டில் 10 ஆண்டு வசித்து, மலாய் மொழியும் அறிந்து, 19-ஆவது விதியின் கீழ் வர வேண்டும். தோட்டத்திலோ பட்டணத்திலோ மகளுக்கு ஊரிலிருந்து மாப்பிள்ளை எடுக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டே தாம்பூலம் மாற்றுவது நல்லது.

கடப்பிதழின் முதல் பக்கம், நுழைவுச் சாப் பக்கம், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை மனைவி தன் கைப்பேசியிலேயே வைத்திருக்கட்டும். பாஸ் முடியும் தேதியைக் கணவர் மட்டுமல்ல, வீட்டில் எல்லாரும் பார்க்கும்படி சுவர் நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்கலாம். அதற்கு முந்தைய மாதத்திலும் ஒரு வட்டம் போட வேண்டும், அலுவலகத்துக்குப் போக வேண்டியது அன்றுதான்.