பாதியில் நின்றுபோகும் இணையப் பக்கம்

வீட்டில் இணையம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது. ஆனால், ஒரு குறிப்பிட்ட இணையத்தளத்தைத் திறந்தால் மட்டும் வெள்ளைத் திரைதான். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘லைன் சரியில்லை’ என்று திட்டுகிறோம். சில வேளைகளில் குறை வேகத்தில் இல்லை மாணவர்களே, பொட்டலத்தின் அளவில் இருக்கிறது.

கணினிகள் ஒரு படத்தை முழுதாக அனுப்புவதில்லை; சிறு பொட்டலங்களாகப் பிரித்தே அனுப்புகின்றன. ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட்டைத் தாண்டக்கூடாது. அதில் முகவரியைச் சுமக்கும் ஐபி தலைப்புக்கு 20 பைட், வரிசை எண்ணைச் சுமக்கும் டிசிபி தலைப்புக்கு 20 பைட். மிஞ்சுவது 1460. இணைப்பு தொடங்கும்போதே, ‘ஒரு துண்டில் இதற்கு மேல் எனக்கு அனுப்பாதே’ என்று இரு கணினிகளும் ஒன்றுக்கொன்று சொல்லிவிடும். அந்த அளவின் பெயர் எம்எஸ்எஸ்.

ஆனால், இரண்டுக்கும் தத்தம் வாசல்தான் தெரியும், நடுவழி தெரியாது. பல வீட்டு இணைப்புகளில் பயன்படும் பிபிபிஓஇ முறை, ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட்டைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. வழியின் அகலம் 1492 ஆகிவிடுகிறது. 1500 பைட் பொட்டலம் நுழையாது.

அப்போது என்ன நடக்க வேண்டும்? பொட்டலத்தில் ‘துண்டாக்காதே’ என்ற குறி இருந்தால், இடையிலுள்ள ரூட்டர் அதைக் கைவிட்டு, ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி ஒன்றை விடும். 1990இல் வகுக்கப்பட்ட முறை இது. சிக்கல் என்னவென்றால், பாதுகாப்பு என்று எண்ணி ஐசிஎம்பி செய்திகள் அனைத்தையும் தடுத்துவிடும் நிர்வாகிகள் உண்டு. கதவைப் பூட்டப் போய்த் தபால் பெட்டியையும் அடைத்த கதைதான்! செய்தி கிடைக்காத சர்வர் அதே பெரிய பொட்டலத்தை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. தொடக்கப் பொட்டலங்கள் சிறியவை என்பதால் அவை தடையின்றிப் போய்விடும். இணைப்பு நலமாக இருப்பதுபோலவே தோன்றும். பொறியாளர்கள் இதைக் ‘கருந்துளை’ என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

தீர்வு வீட்டு ரூட்டரிலேயே இருக்கிறது. இணைப்பைத் தொடங்கும் பொட்டலம் கடந்து போகும்போது, அதில் எழுதியிருக்கும் 1460ஐ ரூட்டர் 1452 என்று திருத்திவிடும். 1492இலிருந்து தலைப்புகளுக்கான 40ஐக் கழித்துப் பாருங்கள். எதிர்த்திசையிலிருந்து வரும் பதிலிலும் அப்படியே. பிறர் கடிதத்தில் கை வைப்பது ரூட்டரின் வேலையல்ல என்று வாதிடலாம். எனினும் இழப்பு துண்டுக்கு 8 பைட்தான், பக்கமோ திறந்துவிடுகிறது. யுடிபி வழியே செல்லும் தரவுக்கு மட்டும் இந்த உத்தி உதவாது.

சோதிக்க விருப்பமா? விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் பிங் என்று மட்டும் தட்டினால் அதன் தெரிவுகள் வரிசையாக வரும். துண்டாக்கத் தடை போடும் தெரிவோடு 1472 பைட் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கு 28 சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 போனால், உங்கள் வழியின் எல்லை 1492.